இரண்டாம் துண்டில் அழுத்தம்

நிரோஜினிக்கு மூன்றாவது முறையும் எண்பத்து நான்குதான் வந்தது. தேவை தொண்ணூறு. எண்பத்து ஒன்பது எடுத்தாலும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அப்படியிருக்க, மூன்று முறையும் ஒரே புள்ளியை எடுத்து நிற்பவளை என்னவென்று சொல்வது? பிடிவாதக்காரி என்று அவள் புருசன் குகதாசன் சொன்னான். நானும் அதைத்தான் சொல்வேன்.

அவள் கேட்டது பெரிய பதவியும் இல்லை. நோர்வேயின் வடக்கு நுனியில், இனி நிலமே இல்லை என்று கடல் தொடங்குகிற இடத்தில், ஸ்கார்வ்நெஸ் என்றொரு மீன்பிடி ஊர் இருக்கிறது. ஒன்பது படகுகள், ஒரு மீன் தொழிற்சாலை, நானூறு சனம். அதில் பாதி தமிழ்ச் சனம். துறைமுகத்தில் கண்ணாடி அறை ஒன்றும், அதற்குள் ஒரு வானொலிக் கதிரையும் இருந்தன. அந்தக் கதிரையில் இருப்பவர் படகுகளோடு கதைக்கவேண்டும். காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு உயரம், யார் முதலில் கரைக்கு வரவேண்டும், எப்போது எல்லோரும் உயிரோடு திரும்பவேண்டும், இவ்வளவும்தான் வேலை. பழைய ஆள் ஓய்வுபெற்றுத் தெற்கே போய்விட்டதால் கதிரை காலியாகக் கிடந்தது.

நிரோஜினி பண்டத்தரிப்பில் பிறந்து, இருபத்து மூன்று வயதில் கலியாணம் கட்டி இங்கே வந்தவள். வந்த நாளிலிருந்து மீன் வெட்டுகிறாள். இப்போது வலது மணிக்கட்டு போய்விட்டது. இன்னும் ஒரு மாரிகாலம் கத்தி பிடித்தால் விரல்கள் மடங்கவே மாட்டாது என்று வைத்தியர் சொல்லியாயிற்று. ஊரில் கத்தி பிடிக்காமல் செய்யக்கூடிய வேலை அந்தக் கதிரை ஒன்றுதான். அது கிடைக்காவிட்டால் வேறு ஊர் பார்க்கவேண்டும். குகதாசனோ கடலை விட்டு வரமாட்டான். தூர்பியோன் என்கிற நோர்வேக்காரரின் படகில் அவன்தான் எஞ்சின்காரன். ஆக, அந்தக் கதிரையில்தான் ஒரு குடும்பம் தொங்கிக்கொண்டு நின்றது.

அதற்கு ஏன் சோதனை, ஏன் புள்ளி என்று கேட்பீர்கள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு களவாணிக் கூட்டம் இயந்திரத்தால் குரல் செய்து, வானொலியில் புகுந்து, "புயல் வருகிறது, எல்லோரும் கரைக்குப் போங்கள்" என்று சொன்னது. படகுகள் போனதும் அந்தக் கடல்பரப்பில் கிடந்த மீன் முழுவதையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. வானொலியில் கதைப்பவர் யாரானாலும், அவருடைய பேச்சை ஒரு இயந்திரம் கேட்டு, அசை அசையாக நிறுத்துப் பார்த்து, இது இந்த நாட்டுப் பேச்சுத்தான் என்று முத்திரை குத்தவேண்டும். அந்த இயந்திரத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒரு முழம் நீளம். எங்கள் ஆட்கள் அதைக் காதுப்பெட்டி என்றார்கள். சட்டம் போட்ட மகான்களுக்கு ஒன்று மட்டும் தோன்றவில்லை. களவாணிகளின் குரல் பிழையாக இருக்கவில்லை, மிகமிகத் திருத்தமாக இருந்தது.

சோதனை அதிகாரி இங்வில் நல்ல பெண்தான். முகத்தில் ஒரு கபடமும் இல்லை. கதைத்தால் மட்டும் பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்ததுபோல இருக்கும்.

"நிரோஜினி, உங்கள் சொற்களில் பிழையே இல்லை," என்றாள் அவள். "இலக்கணம் என்னுடையதைவிட நன்று. பிரச்சினை அழுத்தத்தில் இருக்கிறது. எங்கள் மொழியில் இரண்டு சொற்களை ஒட்டி ஒரு சொல் செய்வோம், தெரியுமல்லவா? 'கூலிங்' என்றால் பலத்த காற்று. 'வாஷெல்' என்றால் எச்சரிக்கை. ஒட்டினால் 'கூலிங்வாஷெல்'. இதில் முதல் துண்டுதான் தலை. முழு அழுத்தமும் 'கூ'வில் விழவேண்டும். இரண்டாவது துண்டுக்கு அரை அழுத்தம் போதும்."

"நான் என்ன செய்யிறன்?"

"முதல் துண்டை விழுங்கிவிட்டு, 'வா'வில் ஓங்கி அடிக்கிறீர்கள். அசைகளையும் வேறிடத்தில் வெட்டுகிறீர்கள்."

"வெட்டுறதுதானே எனக்குத் தொழில்," என்றாள் நிரோஜினி. இங்வில் சிரித்தாள், ஆனால் புள்ளி கூடவில்லை.

அது நிரோஜினியின் தனிப் பிழையும் இல்லை. தொழிற்சாலையின் வெட்டுக்கூடத்தில் மீனின் தலையை அறுக்கிற இயந்திரம் ஒன்று இருக்கிறது. செக்கனுக்கு ஒரு வெட்டு. டக், டக், டக் என்று காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் மூன்று மணிவரை ஓயாது. பக்கத்தில் நிற்பவளிடம் ஒரு பெட்டி கேட்பதென்றாலும் அந்த டக்குக்கும் அடுத்த டக்குக்கும் இடையில்தான் கேட்கவேண்டும். வாயைத் திறந்ததும் வருகிற முதல் துண்டை இயந்திரம் தின்றுவிடும். அதனால் நம்முடைய பெண்கள் முதல் துண்டை அதற்கே கொடுத்துவிட்டு, இரண்டாவது துண்டை ஓங்கி அடித்துச் சொல்லப் பழகினார்கள். ஒருவரும் யோசித்துச் செய்யவில்லை. வேலை செய்த வாய் தானாகவே பழகிக்கொண்டது.

"இன்னும் ஒரு வாய்ப்புத்தான் இருக்கிறது," என்றாள் இங்வில். "தொண்டைப் பட்டி போட்டுப் பாருங்களேன். சட்டத்தில் அனுமதி உண்டு. ஆறு வாரத்தில் தொண்டை பழகிவிடும்."

தொண்டைப் பட்டி என்பது கழுத்தில் கட்டுகிற இரண்டு விரல் அகல நாடா. சொல் வாய்க்கு வருமுன்னே அதை மணந்து பிடித்து, எந்த அசையில் அழுத்தம் விழவேண்டுமோ அந்த இடத்தில் தொண்டைக்குச் சின்னதாய் ஒரு கிள்ளுக் கொடுக்கும். நோகாது. ஆனால் உன் தொண்டை உன் சொல்லைக் கேட்காது, அதன் சொல்லைக் கேட்கும்.

நிரோஜினி கட்டினாள். அன்று மாலையே வீட்டில் கூத்துத் தொடங்கிவிட்டது. பட்டிக்குத் தமிழும் தெரியாது, நோர்வேஜியமும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் முதல் துண்டில் அடி.

"சோறு போடட்டோ?" என்று கேட்டாள். சோவில் ஒரு உதை விழுந்தது. பிறகு பாட்டுப்போல ஒரு இறக்கமும் வந்தது.

குகதாசன் கரண்டியைக் கீழே வைத்தான். "என்னப்பா, வானிலை அறிக்கையோ? சோறு வடமேற்கால வருதோ?"

"பகிடி விடாதையுங்கோ. எனக்கு விசர் வருது."

"வி-சர்! ஐயோ, இன்னொருக்காச் சொல்லு, நிரோ. வலு வடிவாக் கிடக்கு."

அவள் ஏசினாள். ஏசினாலும் ஏச்சுப்போல வரவில்லை. தொலைக்காட்சியில் மன்னர் குடும்பத்துச் செய்தி வாசிப்பதுபோல வந்தது. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஐந்தாம் கிழமை பட்டியைக் கழற்றி வைத்துவிட்டுப் பண்டத்தரிப்பில் இருக்கிற தமக்கைக்குக் கதைத்தபோது, "ஆர் கதைக்கிறது?" என்று தமக்கை இரண்டு முறை கேட்டாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது. பயத்தைச் சொன்னால் குகதாசன் பட்டியைப் பிடுங்கி எறிவான் என்று தெரியும். அதனால் சொல்லவில்லை.

நான்காவது சோதனையில் தொண்ணூற்றெட்டு. கடமையில் இருக்கும் நேரமெல்லாம் பட்டி கழுத்தில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு கதிரை அவளுக்கு வந்தது.

திங்கட்கிழமை வேலை தொடங்கியது. மார்ச் மாதம், கொட் மீன் கரைக்கு ஏறி வருகிற காலம். ஒன்பது படகும் கடலிலேயே கிடந்தன. தன் பெயரைச் சொல்லிக் காற்றைச் சொன்னாள், அலையைச் சொன்னாள். படகுகளிலிருந்து பதில் ஒன்றும் பெரிதாக வரவில்லை. வேலை மும்முரம் என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு வானிலைத் திரை சிவந்தது. வடமேற்கிலிருந்து ஒரு காற்று, யாரும் எதிர்பாராத காற்று, நாற்பது நிமிடத்தில் வந்து விழப்போகிறது. வரைபடத்தில் ஒன்பது பச்சைப் புள்ளிகள் வெளிப்பரப்பில் நின்றன. கரைக்கு வர முப்பத்தைந்து நிமிடம் வேண்டும்.

நிரோஜினி ஒலிவாங்கியை இழுத்தாள். "கூலிங்வாஷெல். எல்லாப் படகுகளும் உடனே கரைக்குத் திரும்பவும்." அழுத்தம் கூவில் விழுந்தது. இங்வில் கேட்டிருந்தால் கை தட்டியிருப்பாள்.

ஒரு புள்ளியும் அசையவில்லை.

இரண்டாம் முறை சொன்னாள். அசையவில்லை. மூன்றாம் முறை, "ஸ்கார்வ்நெஸ் துறைமுகம். நிரோஜினி கதைக்கிறேன். பதில் சொல்லவும்," என்றாள்.

தூர்பியோனின் குரல் வந்தது. அவர் கதைத்தது நோர்வேஜியத்தில்தான். ஆனால் அந்த மனிசனின் பேச்சு எங்கள் சந்தைப் பேச்சுப்போலவே இருக்கும் என்பதால் அப்படியே தருகிறேன்.

"உது ஆர் அங்க? ஆர் நிரோஜினி?"

"நான்தான், தூர்பியோன்! காற்று வருது, திரும்புங்கோ!"

கொஞ்ச நேரம் எஞ்சின் இரைச்சல் மட்டும் கேட்டது. இடையில் ஏதோ தூரத்துக் கூச்சல். பிறகு தூர்பியோன் சொன்னார்: "ஆறு வருசத்துக்கு முன்னமும் இப்பிடித்தான் வடிவாக் கதைச்சவங்கள். போய் வேற ஆரையும் ஏமாத்து." ஒரு சொடக்கு. அவர் வானொலியை நிறுத்திவிட்டார்.

திரையில் முப்பத்தேழு நிமிடம் என்றிருந்தது. எட்டுப் படகுகளில் வானொலி இன்னும் திறந்திருந்தது. ஒன்பதாவது படகில் அவளுடைய புருசன் இருந்தான்.

"கோதாரியில போன பட்டி!" என்று கத்தினாள். அதிலும் அழுத்தம் முதல் அசையில்தான் விழுந்தது, அந்தளவுக்கு இருந்தது அதன் அடாவடி. பிடித்து இழுத்துக் கழற்றி எறிந்தாள். கழுத்தில் தோல் சிவந்தது. ஆனால் வாயைத் திறந்தால் தொண்டை பழகினபடியே போனது. கூவில்தான் போய் விழுந்தது. அப்போது அவளுடைய கை தானாக மேசையில் அடிக்கத் தொடங்கியது. டக், டக், டக். தலைவெட்டி இயந்திரத்தின் கணக்குக்கு. நோகிற அந்த வலது கையாலேயே அடித்தாள். நாலாவது அடிக்கு வாய் தன் பழைய இடத்தைக் கண்டுபிடித்தது.

"கூலிங்-*வா*ஷெல்!" முதல் துண்டை விழுங்கி, வாவில் ஓங்கி அடித்தாள். "கூலிங்-*வா*ஷெல்! திரும்புங்கோடா எல்லாரும்! தூர்பியோனுக்கு ஆராவது சைகை காட்டுங்கோ! வெட்டுக்கூடத்து நிரோ சொல்லுறன், திரும்புங்கோ!"

இரண்டு செக்கன். ஒரு புள்ளி திரும்பியது. பிறகு மூன்று. பிறகு எட்டும் திரும்பின. எட்டாவது படகு தூர்பியோனின் படகுக்குக் குறுக்கே போய்ச் சங்கு ஊதியது. ஒன்பதாவது புள்ளி மெதுவாக மூக்கைத் திருப்பியபோது நிரோஜினி மேசையில் தலையை வைத்து விம்மி விம்மி அழுதாள். கை மட்டும் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

கடைசிப் படகு அலைதடுப்புக்குள் நுழைந்த கையோடு காற்று வந்து விழுந்தது. துறைமுகத்தின் கூரை ஒன்று பறந்து தேவாலயத்து மதிலில் போய்ச் சாய்ந்தது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

குகதாசன் நனைந்த சட்டையோடு கண்ணாடி அறைக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாங்கோவன். ஏன் நிக்கிறியள்?"

"நிரோ," என்றான். "முதல் மூண்டு தரமும் நீ கூப்பிட்டனி எல்லோ. தூர்பியோன் எஞ்சின் அறைக்குள்ள எட்டிப் பார்த்து, உது உன்ர மனிசியோ எண்டு கேட்டவர். நான் மேல வந்து கேட்டன். கேட்டுப்போட்டு, ஆரோ உன்ர பேரைச் சொல்லி ஏமாத்துறாங்கள் எண்டு நினைச்சு, இல்லை எண்டு சொன்னன். என்ர மனிசி இப்பிடிக் கதைக்கமாட்டாள் எண்டு நான்தான் சொன்னன்."

வீட்டில் அவர்கள் கதைப்பது தமிழ். பட்டி கட்டின பிறகு அவள் பேசிய நோர்வேஜியத்தை அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. பகிடிக்காரன், அன்றைக்கு ஒரு பகிடியும் வரவில்லை. அவள் எழும்பிப் போய் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அரசாங்கம் என்று ஒன்று இருக்கிறதே. காதுப்பெட்டி அந்தக் கதிரையிலிருந்து போகிற ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டே இருந்தது. அபாய அறிவித்தல், பட்டி இல்லை, அழுத்தப் புள்ளி எழுபத்தொன்று. அனுமதிப் பத்திரம் தானாகவே நின்றுபோனது. மூன்றாம் நாள் இங்வில் விமானம் ஏறி வந்தாள், கையில் ஒரு சின்னக் காதுப்பெட்டியோடு.

துறைமுக மண்டபத்தில் விசாரணை. ஒன்பது படகுக்காரரும் சொல்லாமலே வந்து சுவரோரமாக நின்றார்கள், இடுப்பளவு சப்பாத்தும் தாடியுமாக.

"உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை," என்றாள் இங்வில். உண்மையாகவே அவள் கண் கலங்கியிருந்தது. "ஆனால் ஒன்பதாம் விதி தெளிவாக இருக்கிறது. அபாய நேரத்தில் முத்திரை இல்லாத அழுத்தத்தில் பேசினால் அனுமதி ரத்து. ஏனென்றால் கேட்பவர்களுக்கு அது விளங்காமல் போகலாம்."

"எங்களுக்கு விளங்கினது!" என்று தூர்பியோன் கத்தினார். "முதல் சொன்னதுதான் விளங்கேல்லை. எஞ்சின் இரைச்சலுக்குள்ள 'கூ'வும் கேக்காது, ஒரு மண்ணும் கேக்காது. 'வா'வில அடிச்சாத்தான் காதில விழும். அப்பிடித்தானே மனிசர் கதைக்கிறது?"

இங்வில் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அந்தச் சொல்லை இன்னொரு முறை சொல்லுங்கள்."

"கூலிங்-*வா*ஷெல்."

அவள் மெதுவாகப் பெட்டியை அவர் பக்கம் திருப்பினாள். "இதில் சொல்லுங்கள்."

தூர்பியோன் சொன்னார். பெட்டி யோசித்தது. பிறகு திரையில் எழுத்து வந்தது. இங்வில் அதை வாய்விட்டு வாசித்தாள்: "பேச்சாளரின் தாய்மொழி: தெற்காசிய மொழி ஒன்று. புள்ளி எழுபத்தொன்பது. மீண்டும் முயலவும்."

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. நானூறு வருடமாக அந்தப் பாறைக் கரையிலேயே கிடக்கிற குடும்பம் தூர்பியோனுடையது. "மீண்டும் முயலவும்!" என்று குகதாசன் சிரித்துச் சிரித்து நிலத்தில் குந்திவிட்டான். "தூர்பியோன், எந்தக் கப்பல்ல வந்தனி?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

மற்ற எட்டுப் பேரையும் இங்வில் கூப்பிட்டாள். எழுபத்தாறு. எண்பத்திரண்டு. எழுபத்தெட்டு. ஒருவர்கூடத் தொண்ணூறைத் தொடவில்லை. சட்டம் எல்லோருக்கும்தான், ஆனால் இந்த நாட்டில் பிறந்தவர்கள்தானே என்று இவர்களை இதுவரை யாரும் சோதித்ததே இல்லை.

குகதாசன்தான் எழும்பி விளங்கப்படுத்தினான். "இவையள் எல்லாரும் படகு வாங்க முன்னம் எங்கட வெட்டுக்கூடத்தில நிண்டவைதான். அந்த மிஷினுக்குப் பக்கத்தில எங்கட பொம்பிளையள் கதைக்கிற மாதிரிக் கதைச்சாத்தான் ஆளுக்காள் விளங்கும். பிறகு கடலுக்குப் போனா அங்கயும் எஞ்சின். வீட்டுக்குப் போய்ப் பிள்ளையளோடயும் அப்பிடித்தான். முப்பது வருசமா ஆரும் கவனிக்கேல்லை."

சிரிப்பு மெல்ல அடங்கியது. ஏனென்றால் இங்வில் சிரிக்கவில்லை. "இப்போது பதிவாகிவிட்டது," என்றாள் மெல்லிய குரலில். "தொண்ணூறுக்குக் கீழே இருக்கிறவர் படகிலும் வானொலி வைத்திருக்க முடியாது. வானொலி இல்லாத படகு கடலுக்குப் போக முடியாது."

ஒரு கதிரைக்காக வந்த பிரச்சினை ஊரையே விழுங்கப் பார்த்தது. தன்னால்தானே இதெல்லாம் என்று நிரோஜினி நினைத்தாள்.

இங்வில் சட்டப் புத்தகத்தைப் புரட்டினாள். நீண்ட நேரம் புரட்டினாள். பிறகு நிமிர்ந்தபோது அவளுடைய முகமே மாறியிருந்தது.

"வட்டாரப் பேச்சு!" என்றாள். "இந்த நாட்டில் பள்ளத்தாக்குக்கு ஒரு பேச்சு, தீவுக்கு ஒரு பேச்சு. எதையும் பிழை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. சட்டத்திலும் அப்படித்தான் இருக்கிறது. பதினான்காம் பிரிவு: இந்த மண்ணில் பிறந்தவர்கள் ஏழு பேராவது ஒரே விதமாகப் பேசினால் அது வட்டாரப் பேச்சு. பெட்டி அதைக் கற்றுக்கொள்ளவேண்டும். நீங்கள் ஒன்பது பேர் இருக்கிறீர்கள்!"

தூர்பியோன் இங்விலைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். அந்தப் பெண் சட்டப் புத்தகத்தை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள்.

ஒன்பது பேரும் பெட்டிக்கு முன்னால் இருந்து ஆளுக்கு நான்கு மணித்தியாலம் கதைத்தார்கள். மீன், வலை, மனைவி, மாமியார் என்று எல்லாவற்றையும் கதைத்தார்கள். ஒரு மாதத்தில் "ஸ்கார்வ்நெஸ் வட்டாரப் பேச்சு" என்று அரசாங்கப் பட்டியலில் ஏறியது. படகுகள் தப்பின. நிரோஜினி மட்டும் பட்டி இல்லாமல் ஒருதரம் சோதனைக்கு இருக்கவேண்டும், இந்த முறை ஸ்கார்வ்நெஸ் பேச்சில்.

அதில் ஒரு சிக்கல். பட்டி பழக்கின தொண்டை, அவசரம் இல்லாத நேரத்தில் இன்னும் முதல் துண்டுக்கே ஓடியது. தூர்பியோன் தினமும் மத்தியானம் கோப்பி குடிக்க வந்து, எதிரே இருந்து பழக்கினார்.

"இல்லை, நிரோ, பிழை. முதல் துண்டை விழுங்கு. ரெண்டாவதில அடி. எங்கட ஆக்கள் அப்பிடித்தான் கதைக்கிறவை."

"உங்கட ஆக்களோ?" என்றாள் நிரோஜினி.

அவர் கோப்பியை உறிஞ்சினார். தான் சொன்னது என்னவென்று அவருக்கு விளங்கவே இல்லை. அவளும் விட்டுவிட்டாள். நல்ல மனிசன்.

கண்ணாடி அறையிலேயே நடந்த சோதனையில் தொண்ணூற்றாறு. நிரோஜினி துள்ளினாள். குகதாசன் வாசலில் நின்று விசிலடித்தான். இங்வில் கைகொடுத்து, கடைசியாக ஒரு படிவத்தை நீட்டினாள். பெட்டி தானாகவே நிரப்பியிருந்தது, கையெழுத்து ஒன்றுதான் மிச்சம்.

நிரோஜினி வாசித்தாள். "பேச்சாளர் ஸ்கார்வ்நெஸ் வட்டாரத்தில் பிறந்தவர் அல்லர். இருந்தும் அவ்வட்டாரப் பேச்சை மிகச் சிறப்பாகக் கற்றுக்கொண்டிருக்கிறார். யாரிடமிருந்து கற்றார்:" அதற்குப் பக்கத்தில் ஒரு வெற்றுக் கோடு. "பிறந்த பேச்சாளர் ஒருவரின் பெயரை எழுதவும்."

அவள் இரண்டு தரம் வாசித்தாள். பிறகு நிமிர்ந்தாள். "இங்வில், இது பிழை. நான் இவையளிட்டப் படிக்கேல்லை. இவையள்தான் எங்களிட்ட..."

"தெரியும்," என்றாள் இங்வில். வாசலில் நிற்கிற குகதாசனுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு உங்கள் கணவர் சொன்னதை நான் பதிவில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால், இந்தப் பேச்சு வெளியிலிருந்து வந்தது என்று ஆகும். வெளியிலிருந்து வந்தது வட்டாரப் பேச்சு ஆகாது. அது பிழை. அப்போது ஒன்பது படகும் நிற்கும். நீங்கள் விரும்பினால் திருத்தலாம். அது உங்கள் உரிமை. நான் மறிக்கமாட்டேன்."

கண்ணாடிக்கு வெளியே படகுகள் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தன. தூர்பியோன் தன் படகின் மேல்தட்டில் நின்று இவளைப் பார்த்துக் கையை ஆட்டினார், என்ன, தேறினியோ என்று கேட்பதுபோல. அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அவர் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்து பிடித்தார்.

வெட்டுக்கூடத்தில் அவளோடு நின்ற பெண்கள் ஒவ்வொருவராய் ஞாபகத்துக்கு வந்தார்கள். ராசமலர் அக்கா, விமலேசு, போன வருடம் போய்ச்சேர்ந்த பூரணம் மாமி. அவர்களுடைய பெயருக்கு அந்தக் கோட்டில் இடம் இருந்தது. எழுதத்தான் முடியாது. நிரோஜினிக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கினாள்.

பேனையை எடுத்து, "தூர்பியோன்" என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். இங்வில் அவளுடைய முகத்தைப் பாராமல் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

குகதாசன் எட்டிப் பார்த்தான். "என்னப்பா, கையெழுத்துப் போட்டாச்சோ? ஆரின்ர பேரை எழுதினனி?"

"எனக்குக் கதைக்கப் பழக்கினவரின்ர பேரை எழுதச் சொன்னவை," என்றாள் அவள். "எழுதிக் குடுத்திட்டன். நீங்கள் ஓடுங்கோ, படகு வெளிக்கிடப் போகுது."

அவன் ஓடினான். அவள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, ஒலிவாங்கியைத் திறந்து, தென்மேற்குக் காற்று, அலை ஒரு மீட்டர், நல்ல நாள் என்று சொன்னாள். ஒன்பது படகிலிருந்தும் உடனே பதில் வந்தது.